நூறைத் தாண்டினால் பூ

மூன்றாம் வகுப்போடு வாத்தியார் என்னை அனுப்பிவிட்டார் (நானாகத்தான் நின்றேன் என்று வெளியே சொல்வேன்). ஆனாலும் வில்லியனூர் பக்கத்தில் ரைஸ் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் ஆள் நான்தான். எண்பதுகளின் கடைசி அது. இருபது நாள் பாண்டிக்கு பஸ் ஏறி, மூட்டை எடையைச் சீட்டில் அச்சடிக்கும் புரோகிராம் எழுதக் கற்றேன். எண் எப்படி அச்சாக வேண்டும் என்பதை அதில் ஒன்பதுகளால் சொல்ல வேண்டும். 99.9 என்றால் புள்ளிக்கு முன்னே இரண்டு இலக்கம், பின்னே ஒன்று. எந்த நெல் மூட்டை நூறு கிலோவைத் தாண்டப்போகிறது? இரண்டோடு நிறுத்தினேன்.

என் மகள் செல்வியைப் பெண் பார்க்கக் கரையாம்புத்தூர் கரும்பு விவசாயி ஒருவர் மனைவி, மகனோடு வந்தார். மூன்று மாதம் தூதுவிட்டுப் பிடித்த இடம். கேசரி கொடுத்து அனுப்பியிருக்கலாம். நானோ மில்லுக்கு அழைத்துப் போய், "தராசுல ஏறுங்க, எடைய அச்சடிச்சுத் தர்றேன்" என்றேன்.

மாப்பிள்ளை ஏறினார். 61.5 என்று பளிச்சென வந்தது. அடுத்து அவர் அப்பா, என் வருங்காலச் சம்பந்தி.

"நூத்தி நாலு!" என்று கத்தினான் எடை போடும் கோபால்.

அதைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். சீட்டில் எண்ணே இல்லை. எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகள் வரிசையாக, பூப்பூவாக அச்சாகியிருந்தன. (இடம் போதாவிட்டால் அது அப்படித்தான் செய்யும். வகுப்பில் அதைச் சொன்னபோது நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.)

"இன்னாங்க, எனக்கு மட்டும் பூ போட்டுக்குது?" என்றார் சம்பந்தி.

99 என்று தட்டிப் பார்த்தேன், வந்தது. 100 தட்டினேன், பூ. புரிந்துவிட்டது. ஆனால் புரோகிராமில் அந்த வரி எங்கே இருக்கிறதென்று மறந்துபோனது. ஆகவே ஆளைக் குறைப்பதென்று முடிவெடுத்தேன்.

"மிஷினு பொய் சொல்லாது. செருப்பு, வாட்ச்சுலாம் சேந்து ஏறியிருக்கு. கயட்டுங்க சம்பந்தி."

செருப்பு, வாட்ச், பித்தளை வெற்றிலைப் பெட்டி, பெல்ட், கடைசியில் சட்டையும் கழன்றன.

"நூத்தி ஒன்னரை!"

மறுபடியும் பூ.

சம்பந்தியம்மாள் எழுந்தார். "இன்னும் இன்னாத்தக் கயட்டணும்? வேட்டியா? ஏங்க, சட்டைய மாட்டுங்க. இந்தச் சம்பந்தமே நமக்கு வேணாம்."

காபித் தட்டோடு வந்த செல்வி, தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "தள்ளுப்பா" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அந்த 99.9-க்கு முன்னால் இன்னொரு ஒன்பது சேர்த்தாள். (என் வகுப்பு நோட்டை எனக்கு எழுதிக்கொடுத்ததே அவள்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.)

"மாமா, எல்லாத்தயும் மாட்டிக்கினு ஏறுங்க."

104.0.

சம்பந்தியம்மாள் சீட்டைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. "பொண்ணு எங்க வூட்டுக்கு வரட்டும். அவங்கப்பாரு வந்தா மட்டும், எதையும் கயட்டச் சொல்லாம இருக்கணும்."

கல்யாணம் நடந்தது. பூப்போட்ட சீட்டு இன்றும் அவர்கள் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. சம்பந்தி இரண்டாம் தரம் பாயசம் கேட்டால் பேரப்பிள்ளைகள், "தாத்தா, பூ வுழுந்துடும்!" என்று கத்துகிறார்கள். நான் உள்ளே நுழைந்தால் போதும், அவர் வாங்க என்று சொல்வதற்கு முன்னால் சட்டைப் பித்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்கிறார்.