சம்பந்தி வீட்டுக் கருப்பன் குற்றமற்றவன்

மரக்காணம்,
ஆவணி கடைசி வெள்ளி.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, பிரம்மதேசம் அர்ச்சுனன் அவர்களின் மேலான சமூகத்துக்கு, மரக்காணம் உப்பளம் கண்ணாயிரம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மனைவி பாக்கியலட்சுமியும், மகன் ராஜ்கமலும், உங்கள் மகளும் எங்கள் மருமகளுமான அமுதவல்லியும் நலம். மழை வராததால் பாத்தியில் உப்பும் நலம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், மாடுகன்றும், பம்புசெட்டும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கையில் ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நாம் கடைசியாகப் பேசிக்கொண்ட பேச்சுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு அழைப்புகூட வரவில்லை. பெண்ணைக் கொடுத்தவரே கூப்பிடாதபோது பிள்ளையைப் பெற்றவன் நான் எப்படிக் கூப்பிடுவேன்? எனக்கும் ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் இப்போது சொல்லப்போகும் விஷயம் மரியாதை பார்த்துக்கொண்டு உட்காரும் விஷயம் இல்லை. உங்கள் வீட்டில் ஓர் உயிரைக் காப்பாற்ற வேண்டிய விஷயம். ஆகவே பொறுமையாகக் கடைசி வரி வரைக்கும் படிக்கவும்.

கல்யாணத்தின்போது பீரோ, மிக்ஸி, கிரைண்டர் இவற்றோடு வண்டியிலிருந்து தானாகக் குதித்து இறங்கியது பூந்தி. சீர்வரிசையில் அந்த நாயைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனாலும் அமுதவல்லியை விட்டுப் பிரிய மாட்டேன் என்று வந்த ஜீவனை நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. இந்த வருஷம் ஆடிக் கூழுக்கு எல்லோரும் உங்கள் ஊருக்கு வந்தபோது பூந்தி பருவத்துக்கு வந்திருந்தாள். அது தெரிந்துதான் அவளை உங்கள் உர மூட்டை அறையில் வைத்துப் பூட்டினேன். உங்கள் வீட்டு ஆண் நாய் கருப்பன் அந்தக் கதவுக்கு எதிரில் பூசாரி மாதிரி வெகுநேரம் நின்றான். பிறகு கூரை ஓட்டைத் தள்ளிவிட்டு உள்ளே குதித்துவிட்டான். நாம் போய்க் கதவைத் திறந்தபோது இரண்டும் யூரியா மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, 'என்ன விஷயமா வந்தீங்க?' என்பது மாதிரி நம்மைப் பார்த்தன. இதற்கு நீங்களே சாட்சி.

ஒரு மாதம் போனது. பூந்தியின் வயிறு பெரிதாகத் தெரிந்தது. உடனே உங்களுக்கு ஃபோன் போட்டு, "உங்க வீட்டுப் பையன் பண்ண வேலைக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்று மிகவும் தணிந்த குரலில்தான் சொன்னேன். நீங்கள் எடுத்த எடுப்பிலேயே, "ஏன் சம்பந்தி, உங்க ஊருக்கு உப்பு லாரி எத்தினி வருது, லாரிக்கடியில எத்தினி நாய் படுத்துக்கெடக்குது, எங்க கருப்பன்தான் கெடச்சானா?" என்றீர்கள். நான் கருப்பனின் வளர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். நீங்கள் பூந்தியின் நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னீர்கள். அவள் உங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் என்பது அந்த ஆத்திரத்தில் உங்களுக்கு ஞாபகம் இல்லை. அன்று மதியம் அமுதவல்லி எனக்கு ஊற்றிய ரசத்தில் உப்பே இல்லை. உப்பளக்காரன் வீட்டில் உப்பில்லாத ரசம்! குடித்துவிட்டு எழுந்தேன்.

சரி, நடந்தது நடந்துவிட்டது, பேரக்குட்டிகளாவது நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, டீக்கடைக்காரருக்கு ஒன்று, லாரி புரோக்கருக்கு ஒன்று, பாண்டிச்சேரி பஸ் கண்டக்டருக்கு ஒன்று என்று குட்டிகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கண்டக்டர் என்னைக் கண்டாலே விசிலை நிறுத்திவிட்டு, "அண்ணே, குட்டி இன்னும் போடலியா?" என்று படியில் தொங்கிக்கொண்டு கத்துவார். பஸ்ஸில் இருக்கிற ஜனமெல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்கும். இதற்கிடையில் எங்கள் அளத்தில் உப்பு வாருகிற மலர்கொடி, "மொத பிரசவம், சும்மா வுடலாமா?" என்று கிளப்பிவிட்டாள். பெண்களெல்லாம் சேர்ந்து பூந்திக்கு வளைகாப்பே நடத்திவிட்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்று நான் எவ்வளவோ தடுத்தேன், யார் கேட்டார்கள்? கழுத்தில் கண்ணாடி வளையலைக் கோத்துக் கட்டினார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று இலையில் வைத்தார்கள். பூந்தி எதையும் தொடவில்லை. எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்தவள் எடுக்கவே இல்லை.

சம்பந்தி, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். தண்ணீர் என்றால் அப்படியொரு தண்ணீர். குடிப்பாள், பத்தடி போய் மூத்திரம் பெய்வாள், திரும்பி வந்து மறுபடியும் குடிப்பாள். வீடு, வாசல், தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியல் என்று ஓரிடம் பாக்கியில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்தான். ஆனாலும் உப்பளத்தில் திரிகிற நாய்க்குத் தாகம் எடுக்காமல் வேறு என்ன எடுக்கும் என்று மற்றவர்கள் சொன்னதால் பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு சோறு குறைந்தது. யார் வந்தாலும் குரைப்பதில்லை. ஒரு நாள் மஞ்சளாக வாந்தி எடுத்தாள். மசக்கை என்றார்கள். மறுநாள் காலை பாத்தி வரப்பில் சுருண்டு படுத்தவள் எழவே இல்லை. வறுத்த நெத்திலியை மூக்குக்கு நேராக நீட்டினேன். கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அமுதவல்லி ஓடிவந்து அவள் வயிற்றைத் தொட்டாள். "மாமா, இது புள்ளத்தாச்சி வயிறு இல்ல மாமா. கல்லு மாதிரி இருக்குது, ஒடம்பு நெருப்பா கொதிக்குது" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு சகாயராஜ், நம் உப்பு ஏற்றுகிற மினி வேன் வைத்திருப்பவர், பாதி லோடு ஏற்றிய வண்டியை அப்படியே எடுத்தார். முன்சீட்டில் அமுதவல்லியும் மடியில் பூந்தியும். பின்னால் மூட்டைகள்மேல் நானும் பாக்கியலட்சுமியும். ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரிப் பக்கம் பறக்கிறோம், எதிரில் அந்தக் கண்டக்டரின் பஸ். அவர் எங்களைப் பார்த்ததும், "அண்ணே, பிரசவத்துக்கா? எனக்கு ஆண் குட்டி!" என்று கூவினார். எனக்கு எதைத் தூக்கி அடிப்பது என்று தெரியவில்லை. உப்பு மூட்டை கனமாக இருந்தது, அவர் பிழைத்தார்.

நாய் டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். வயிற்றில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் வைத்தார். டிவியில் கருப்பும் வெள்ளையுமாக என்னவோ தெரிந்தது.

"எத்தினி குட்டிம்மா தெரியுது?" என்று கேட்டேன்.

"குட்டியே இல்லீங்க. கர்ப்பப்பை பூரா சீழ். இது பருவத்துக்கு வந்து எவ்ளோ நாள் ஆச்சு?"

"ஆடிக் கூழப்போங்க. அந்தக் கருப்பன்தாம்மா..."

"கருப்பன விடுங்க. ஆண் நாய்கூட சேந்தாலும் வரும், சேராட்டியும் வரும். ஒவ்வொரு பருவம் முடிஞ்ச பிறகும் உள்ள குட்டி தங்கின மாதிரியே கர்ப்பப்பை தடிச்சுக்கும். அதுல கிருமி பூந்துட்டா இப்படித்தான். ரொம்ப தண்ணி குடிச்சுதா?"

"தொட்டியே காலிங்க."

"அதான் மொத அடையாளம். சில நாய்க்குப் பின்னால சீழ் வடியும், நக்கிட்டே இருக்கும், பாத்து ஓடியாந்துடுவாங்க. இதுக்குக் கர்ப்பப்பை வாய் மூடிக்கிச்சு. வெளிய ஒண்ணும் தெரியல, வயிறு மட்டும் ஏறிட்டுது. இதுதான் ரொம்ப ஆபத்து. உள்ளயே வெடிச்சா காப்பாத்த முடியாது. இப்பவே டிரிப்ஸ் போட்டு, கொஞ்சம் தேறினதும் ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்."

"மாத்திரையில கரையாதாம்மா?" என்று பாக்கியலட்சுமி கேட்டாள்.

"இந்த நெலமைல மாத்திரைய நம்பினா நாயி போயிடும்மா" என்றார்.

அமுதவல்லி என் முகத்தைப் பார்த்தாள். என்ன யோசனை வேண்டியிருக்கிறது? "பண்ணிடுங்கம்மா" என்று கணீரென்று சொன்னேன். ஆபரேஷன் முடியும்வரை பெண்கள் இருவரும் அழுதுகொண்டிருக்க, நான் ஒருவன்தான் கலங்காமல் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். எடுத்த கர்ப்பப்பையை ஒரு டிரேயில் வைத்துக் காட்டினார்கள். வீங்கிப்போன பன்றிக்குடல் மாதிரி இரண்டு கிளையாக இருந்தது. இதைச் சுமந்துகொண்டா இந்த வாயில்லா ஜீவன் வளையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்று நினைத்து டிரேயிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மயக்கம் தெளிந்து அவள் வாலை ஒரு தடவை லேசாக ஆட்டினாள். ஆட்டினது அமுதவல்லியைப் பார்த்துத்தான். இருந்தாலும் போகட்டும்.

இப்போது பூந்தி சௌக்கியம். கஞ்சி குடிக்கிறாள், தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் புனலை மாட்டிக்கொண்டு திரிகிறாள். நமக்கு நாய் நாய்தான், பாசம் கீசம் ஒன்றும் கிடையாது. காவலுக்கு இருந்தால் போதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பூந்தியின் தாய் குள்ளி உங்கள் வீட்டில் இருக்கிறாள். அவளும் அதே ஆடியில்தான் பருவத்துக்கு வந்தாள், வயதும் ஆகிவிட்டது. வயதான நாய்க்கு இது இன்னும் சுலபமாக வருமாம். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதம் வரைக்கும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். தண்ணீர் அதிகம் குடித்தாலோ, சோறு குறைந்தாலோ, சோர்ந்து படுத்தாலோ, பின்னால் எதுவும் வடிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கைவைத்தியம் வேண்டாம், வளைகாப்பும் வேண்டாம். நன்றாக இருக்கும்போதே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது என்று டாக்டரம்மா சொல்கிறார். கருப்பனைப் பொறுத்தவரை, அவன் இந்த வழக்கில் குற்றமற்றவன் என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். கூரை ஓட்டை உடைத்த குற்றம் தனி.

உங்கள் வயலுக்கு மழையும் எங்கள் அளத்துக்கு வெயிலும் எல்லை பிரித்து ஆண்டவன் அருளட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாடுகன்றுக்கு ஆசி. இனியாவது ஒரு ஃபோன் போடுவீர்கள் என்று நம்பும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
உ. கண்ணாயிரம்.

பின்குறிப்பு: அண்ணா, இது பாக்கியலட்சுமி எழுதறேன். கவர் ஒட்ட அவரு பசை தேடப் போயிருக்காரு, அதுக்குள்ள எழுதறேன். நீங்க ஃபோன் போடலன்னு எழுதியிருக்காரே, அன்னிக்கு கோவத்துல அவரே உங்க நம்பர பிளாக் பண்ணி வச்சிருக்காரு. எந்த பட்டன அமுக்கினோம்னு அவருக்கே தெரியாது. நீங்க என்கிட்டயும் அமுதாகிட்டயும் தெனம் பேசறதும் தெரியாது. குள்ளிக்குப் போன வாரமே ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதையும் நாங்க இன்னும் அவருகிட்ட சொல்லல. அவராவே எழுதி மனச ஆத்திக்கட்டும்னு விட்டுட்டோம். வளையல் வாங்கியாந்தது அவருதான். உப்பளத்து நாய்க்குத் தாகம் எடுக்காம என்னா பண்ணும்னு சொன்னதும் அவருதான். ஆபரேஷன் பண்ணிடுங்கம்மான்னு கணீர்னு சொன்னது அமுதா. அவ சொன்ன ஒடனே இவரு பெஞ்சியில சாஞ்சி மயக்கம் போட்டுட்டாரு, சகாயராஜ் தம்பி சோடா வாங்கியாந்து முகத்துல அடிச்சிது. பாசம் கீசம் இல்லன்னு எழுதறாரே, இந்தக் கடுதாசியத் தரையில உக்காந்து மொழங்கால் மேல வச்சிதான் எழுதினாரு. கட்டில்ல பூந்தி தூங்குது, அசங்கக் கூடாதாம்.