இரண்டு எம்.எஸ்ஸி.யும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

ஒரு முறை படித்தவனைவிட இரண்டு முறை படித்தவன் இரண்டு மடங்கு விவரமானவன் என்று உங்களில் யாராவது நம்பிக்கொண்டிருந்தால், ஒரு நடை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஜெர்மனியில் ஒன்றுக்கு இரண்டாக எம்.எஸ்ஸி. முடித்தவன் நான். இரண்டிலும் மார்க் பரவாயில்லை. முட்டாள்தனத்தில் மட்டும் டிஸ்டிங்ஷன்.

முதல் எம்.எஸ்ஸி.யை மியூனிக் பக்கத்தில் கார்ஹிங்கில் படித்தேன். முடிக்கிற சமயத்தில் நாற்பது கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டேன். நாற்பது பேரும் என் ஆர்வத்துக்கு நன்றி சொல்லி, என் எதிர்காலத்துக்கு வாழ்த்தும் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். (வேண்டாம் என்பதைக்கூட நல்ல தாளில், கையெழுத்துப் போட்டு, தபால்தலை ஒட்டிச் சொல்லும் தேசம் அது.) கரூரில் இருக்கும் அப்பாவிடம் "வேலை கிடைக்கலப்பா" என்று சொல்வதைவிட "மேல படிக்கிறேன்பா" என்று சொல்வது சுலபமாக இருந்தது. அதனால் அங்கேயே இரண்டாவது எம்.எஸ்ஸி.யில் சேர்ந்தேன். அறிவுத்தாகம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

அப்போது ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. வெளிநாட்டு மாணவன் படிப்பை முடித்தால், படிப்புக்குத் தகுந்த வேலை தேடிக்கொள்ள ஒரு வருடம் வரை அங்கேயே இருக்கலாம். வேலை கிடைத்தால் அதற்கான பெர்மிட். கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சட்டம் சொன்னது அவ்வளவே. மிச்சத்தைச் சொன்னவன் என் ஹாஸ்டல் அறைத்தோழன் பாலாஜி.

பாலாஜி படித்தது மெக்கானிக்கல். ஆனால் ஹாஸ்டல் சமையலறையில் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டால் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ். ஒருநாள் ரசத்தைத் தாளித்துக்கொண்டே தீர்ப்பு வழங்கினான். ஒரு படிப்புக்கு ஒரு வருடம் என்றால் இரண்டு படிப்புக்கு இரண்டு வருடம். முதல் படிப்பின் வருடத்தை நான் எடுக்கவேயில்லை, ஆகவே அது என் கணக்கில் அப்படியே கிடக்கிறது. எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. காரணம், என் அப்பா தாலுகா ஆபீஸ் ஊழியர். எடுக்காத லீவைச் சேர்த்து வைத்து, ரிடையர் ஆகும்போது மொத்தமாக வாங்கிக்கொள்ளும் வம்சம் எங்களுடையது. ஜெர்மன் அரசாங்கமும் கரூர் தாலுகா ஆபீஸும் ஒரே விதியில்தான் ஓடுகின்றன என்று நான் நம்பினேன்.

இரண்டாவது தீர்ப்பு இதைவிட அபாரம். சர்டிபிகேட்டைக் கையில் வாங்காதவரை படிப்பு முடிந்ததாகவே அர்த்தமில்லையாம். 2006 மார்ச் பதினாலாம் தேதி என் கடைசித் தேர்வு முடிந்தது. முடிவும் சொல்லிவிட்டார்கள். நான் சர்டிபிகேட் வாங்கும் ஆபீஸ் இருக்கும் கட்டடத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. எதிரே அந்த ஆபீஸ் அம்மாள் வந்தால் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். (படிக்கிற காலத்தில் சர்டிபிகேட்டுக்காக அலைந்தவனைப் பார்த்திருப்பீர்கள். சர்டிபிகேட்டிடமிருந்து தப்பி ஓடியவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.) மாணவன் என்ற பெயரில் இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு வாங்குவது, அதன்பின் சேமித்து வைத்த இரண்டு வருடத்தை ராஜா மாதிரி செலவழிப்பது. இதுதான் திட்டம்.

அதற்குள் என் தங்கை கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆவணி மாதம் முகூர்த்தம். என் விசாவோ ஆகஸ்ட் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்காமல் ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். போகாமல் இருக்கவும் முடியாது. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மண்டபத்துக்குள் அழைத்து வர அவளுக்கு இருக்கும் ஒரே அண்ணன் நான்தான். "நீ வரலைன்னா நான் மணவறையில உட்கார மாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டு அவள் அழுதாள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டால், முன்பதிவுக்கு அடுத்த தேதி செப்டம்பர் இருபது என்றார்கள்.

பாலாஜி மூன்றாவது தீர்ப்பை வழங்கினான். "கல்யாணப் பத்திரிகையைக் கொண்டு போய் வைடா. எந்த ஆபீசரா இருந்தாலும் பத்திரிகையைப் பார்த்தா இறங்கிடுவான்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகைக்கு மசியாத ஆபீஸ் கிடையாது. அப்பாவிடம் கூரியரில் ஒன்று அனுப்பச் சொன்னேன். சொன்னதோடு வாயை மூடியிருக்கலாம். "பத்திரிகையில என் பேருக்குப் பின்னால ஒரு எம்.எஸ்ஸி. மட்டும் போட்டுடாதீங்கப்பா, ரெண்டு போடுங்க" என்றும் சொன்னேன். எந்த அலுவலகத்தில் இரண்டாவது படிப்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுக்கப் போகிறேனோ, அதே அலுவலகத்தில் வைக்கப்போகும் பத்திரிகையில். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். நான் அந்த ஓணானைக் கூரியரில் வரவழைத்தவன்.

பத்திரிகை வந்தது. தகதகவென்று சிவப்பு அட்டை, மேலே தங்க நிறத்தில் பிள்ளையார். கீழே, தங்கள் வருகையை எதிர்நோக்குவோர் பட்டியலில் என் பெயர், பின்னால் இரண்டு எம்.எஸ்ஸி. அந்தக் கமாக்களைப் பார்த்த பரவசத்தில் அடுத்த வரிக்கு என் கண் போகவே இல்லை.

உலகக் கோப்பை முடிந்தும் கார்களில் கொடியைக் கழற்றாத ஜூலை மாதம். காலை ஏழு மணிக்கே போய், முன்பதிவு இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் நம்பர் சீட்டை வாங்கி, பதினொரு மணிக்கு உள்ளே போனேன். ஐம்பது வயதிருக்கும் அதிகாரி. மேஜையில் பென்சில்கள்கூட உயர வரிசைப்படி படுத்திருந்தன. நான் படிவத்தைக் கொடுத்தேன். அதில் "இரண்டாவது படிப்பு, கடைசிக் கட்டம்" என்று எழுதியிருந்தேன். பிறகு பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டி, அவசியம் குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று ஜெர்மனில் அழைத்தேன்.

அந்த மனுஷன் நிஜமாகவே நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். அந்த வாரம் குரோஷியாவில் விடுமுறைக்கு அறை எடுத்துவிட்டதாகவும், வர முடியாததற்கு வருந்துவதாகவும் சொன்னார். அப்புறம் விரல் நுனியில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். சமையலுக்குப் போடுவது என்றேன். துடைத்துக்கொண்டார்.

இதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. நான் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். தங்கை பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி, மண்டபம். என் பெயர் வந்ததும் "மணமகளின் அண்ணன்" என்று மட்டும் சொல்லி அடக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவர் தலையாட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் விண்ணப்பதாரரே செய்த மொழிபெயர்ப்பு செல்லாது என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துப் பக்கத்து அறைக்கு ஏதோ சொன்னார்.

கதவைத் திறந்துகொண்டு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஒரு பெண் வந்தாள். கருப்புக் கோட்டு, காதில் சின்னத் தோடு, சட்டையில் "தர்சினி" என்று தொடங்கும் பெயரட்டை. இலங்கைத் தமிழர் வீட்டுப் பெண், ஜெர்மனியில் வளர்ந்தவள், அந்த அலுவலகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தமிழ் படிக்கத் தெரிந்த ஜெர்மன் அரசாங்கம் என் எதிரே நிற்கிறது.

அவள் பத்திரிகையை வாங்கி, பிள்ளையாருக்குக் கீழே இருக்கும் வாழ்த்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்து ஜெர்மனில் சொன்னாள். ஒரு எழுத்தையும் விடவில்லை. தாத்தா பாட்டி பெயர்கள், தாய்மாமன்கள், "மொய் தவிர்க்கவும்" வரை. (அந்த வரியை மொழிபெயர்க்க அவள் பட்ட பாடு தனிக்கதை.) கடைசியில் என் பெயருக்கு வந்தாள். இரண்டு எம்.எஸ்ஸி. என்றாள். அதிகாரி என் படிவத்தை ஒருமுறை பார்த்தார். அவள் அடுத்த வரியையும் படித்தாள்.

"சாப்ட்வேர் இன்ஜினியர், ஜெர்மனி."

அது எனக்கே செய்தி.

அதிகாரியின் முகம் மாறியது. எந்தக் கம்பெனி, எப்போதிலிருந்து, யார் கொடுத்த அனுமதியில் என்று கேட்டார். மாணவ விசாவில் வருடத்துக்குத் தொண்ணூறு நாள்தான் வேலை பார்க்கலாம். முழுநேர இன்ஜினியர் என்றால் திருட்டு வேலை. எனக்குக் காது மடல் சுட்டது, ஜெர்மன் மொத்தமும் மறந்துபோனது. சேமித்த இரண்டு வருடமும் போச்சு, வேலைக் கனவும் போச்சு, அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பப் போகிறார்கள் என்று நிஜமாகவே பயந்தேன். எனக்கு வேலை இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, வேண்டுமானால் நாற்பது கம்பெனியின் கடிதங்களைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். தான் ஒரு வேலையற்றவன் என்று அரசாங்கத்திடம் மன்றாடி நிரூபித்த முதல் சாப்ட்வேர் இன்ஜினியர் நானாகத்தான் இருப்பேன்.

தர்சினி என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் கண்டிப்பு குறையவில்லை.

"இனி மறைக்க ஏலாது. உள்ளதைச் சொல்லுங்கோ. படிப்பை எப்ப முடிச்சனீங்கள்?"

"மார்ச் பதினாலு."

"பிறகேன் முடிக்கேல்லை எண்டு எழுதினனீங்கள்?"

ரசம், பாலாஜி, சேர்த்து வைத்த லீவு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று எனக்கே கேட்டது. அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதிகாரியிடம் ஜெர்மனில் நீளமாகப் பேசினாள். எங்கள் ஆட்களின் கல்யாணப் பத்திரிகையில் அப்பாமார் இப்படித்தான் போடுவார்கள், என் சித்தப்பா மகன் மருத்துவம் இரண்டாம் வருஷம் படிக்கும்போதே பத்திரிகையில் டொக்டர் ஆகிவிட்டான், இதைச் சாட்சியாக எடுக்க முடியாது என்றாள். அந்தப் பெண்ணின் சித்தப்பாவுக்கு என் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டு, பொறுமையாகச் சட்டத்தை விளக்கினார். வேலை தேடும் வருடத்தைச் சேமித்து வைக்கும் உண்டியல் எதுவும் அந்த அலுவலகத்தில் இல்லை. முதல் படிப்புக்கான வருடம் நான் இரண்டாவது படிப்பில் சேர்ந்தபோதே போய்விட்டது. இப்போது மிச்சம் இருப்பது இரண்டாவதின் வருடம் மட்டும். அது சர்டிபிகேட் வாங்கும் நாளில் தொடங்காது, படிப்பு முடிந்த நாளில் தொடங்கும். அதாவது நான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தபோதே நாலு மாதம் ஓடிவிட்டது. இருபத்து நாலு மாதக் கனவோடு போனவனுக்குக் கையில் எட்டு மாதம். அதிலும் ஒரு மாதம் கல்யாணத்துக்கு.

தவறான படிவத்தைக் கிழித்துப் போட்டு, புதிதாக ஒன்றை உண்மையோடு எழுதச் சொன்னார். எழுதினேன். அன்றைக்கே பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டினார், மார்ச் பதினாலு வரை. பத்திரிகையை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினேன். அது விண்ணப்பத்தோடு சேர்ந்த ஆவணம் என்று சொல்லி, துளை போடும் கருவியில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். ஒரு துளை தாய்மாமன்கள் மேல் விழுந்தது. இன்னொன்று பிள்ளையாரின் தொந்தியில்.

வெளியே வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். ஏம்பா இன்ஜினியர்னு போட்டீங்க என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"பையன் என்ன பண்றான்னு சம்பந்தி கேட்டாரு. ரெண்டு எம்.எஸ்ஸி. படிச்சிட்டு சும்மா இருக்கான்னு அச்சடிக்க முடியுமா? ஊர் பூரா பத்திரிகை குடுத்தாச்சு. இனிமே அதை மாத்த முடியாது தம்பி. நீ மாறிக்கோ."

கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு மாலை போட்டேன், கவிதா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதாள், அந்த ஒரு நிமிடத்துக்காக அத்தனை அவமானமும் தகும் என்று தோன்றியது. மிச்ச நேரமெல்லாம் சம்பந்தி வீட்டார் ஒவ்வொருவராக வந்து ஜெர்மனி கம்பெனியில் எனக்கு என்ன வேலை என்று விசாரித்தார்கள். நான் பந்தி பரிமாறப் போய்விட்டேன்.

திரும்பி வந்து வெறிபிடித்தவன் போல் வேலை தேடினேன். ஜனவரியில் வால்டோர்ஃப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அந்த வேலைக்கு உள்ளூர் ஆள் யாரும் இல்லை என்று வேலைவாய்ப்பு அலுவலகம் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஆறு வாரம். என் வருடம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பெர்மிட் வந்தது. கொடுத்தவள் தர்சினி. கோப்பில் பிள்ளையாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்பதான் அண்ணை, பத்திரிகையில போட்டது சரி" என்றாள்.

நான் வால்டோர்ஃபுக்கு மாறியபோது கோப்பும் என் பின்னாலேயே மாறி வந்தது. ஜெர்மனியில் ஒரு தாளைக் கோப்பில் போட்டால் போட்டதுதான். விசா நீட்டிக்கப் போகும்போதெல்லாம் புது அதிகாரி கோப்பைத் திறப்பார், சிவப்பு அட்டை எட்டிப் பார்க்கும், இது என்ன என்று கேட்பார். நான் முதலிலிருந்து சொல்வேன். நாலு வருடம் கழித்து நிரந்தரமாக இருக்கும் அனுமதி கிடைத்த அன்று, இனி அதைத் திருப்பிக் கொடுங்கள், தங்கையிடம் ஒரு பிரதிகூட மிச்சமில்லை என்று கேட்டுப் பார்த்தேன். அன்றைக்கு இருந்த பெண் அதிகாரி வருத்தத்தோடு தலையாட்டி, அது இந்த நாட்டை விட்டு வெளியே போக முடியாது என்றார்.

அன்று மாலை கவிதாவிடம் இதைச் சொன்னேன். இன்றுவரை குடும்பத்தில் யார் கல்யாணம் என்றாலும், பத்திரிகை அடிக்கக் கொடுக்குமுன் அவள் சொன்ன பதிலை ஒருமுறை சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் என் பெயருக்கே வருவார்கள்.

"நீ ரெண்டு எம்.எஸ்ஸி. படிச்சும் உனக்கு நாலு வருஷம் ஆச்சுண்ணா. என் பத்திரிகைக்கு அங்க ஒரே நாள்ல நிரந்தரமா இடம் குடுத்துட்டாங்க."