அரை நாள் முதுமை

மாத்திரை அட்டையில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எறும்பு ஊர்ந்தது. தையற்காரர் அதை மூக்கருகே கொண்டுவந்து பார்த்தார். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். கை நீளம் போதவில்லை.

கண்ணில் மருத்துவமனைக் கண்ணாடி, கைகளில் இரட்டை உறை, முழங்காலில் மடங்கவிடாத பட்டை. வயதானவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு நடந்த வகுப்பில் நேற்று கொடுத்தவை. அரை நாள் இவற்றோடு வீட்டில் நடமாடுங்கள், பெரியவர்கள் படும் பாடு தெரியும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். மேசையில் நிறம் நிறமான ஃப்ரேமோடு கிடந்த கண்ணாடிகளில், கூட்டத்தில் கைக்கு எட்டியதை இவர் எடுத்துவந்தார்.

வகுப்புக்குப் போனதே பயத்தில்தான். எண்பத்திரண்டு வயது அப்பா ஒரு மாதமாக மாத்திரைத் தகராறு செய்துகொண்டிருந்தார். மகன் கொடுப்பதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இது ராத்திரி மாத்திரை என்று தள்ளிவிட்டு, தானே வேறொன்றை எடுத்து விழுங்குவார். அப்பாவுக்குக் கண் போய்விட்டது, அடுத்தது நினைவும் போகும் என்று மகன் முடிவு கட்டினார். நேற்றிரவு மாத்திரை டப்பாவை எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

இப்போது எறும்பைப் பார்த்ததும் அப்பாவின் நினைவு வந்தது. பாவம், மனுஷர் இப்படித்தான் தடவிக்கொண்டிருந்தாரா?

வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று டப்பாவோடு ஜன்னலுக்கு நகர்ந்தார். மடங்காத கால் நாற்காலியில் இடித்தது. வேளைக்கு ஒன்றாக அவரே கத்தரித்து வைத்திருந்த மாத்திரை அட்டைத் துண்டுகள் அறையெங்கும் சிதறின. பொறுக்கக் குனிந்தவர் பொத்தென்று உட்கார்ந்தார். எழ முடியவில்லை. உறைக்குள்ளிருந்த விரல்களில் ஒரு துண்டும் சிக்கவில்லை.

சத்தம் கேட்டு அப்பா வந்தார்.

"என்னடா கோலம் இது?"

"உங்க கஷ்டம் எனக்குப் புரியணும்பா."

அப்பா கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, காலை, ராத்திரி என்று இரண்டு குவியலாக்கினார். மகனுக்கு வியர்த்தது. இதய மாத்திரையும் தூக்க மாத்திரையும் அதில்தான் இருந்தன.

"தொடாதீங்கப்பா," என்று குவியல்களைத் தன் பக்கம் இழுத்தார். இரண்டும் ஒன்றாகிப்போயின.

பிறகு குத்துமதிப்பாக அவரே பிரித்தார். அத்தனையும் தப்பு என்றார் அப்பா. நீ பிரித்ததை நான் வாயில் வைக்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எட்டு மணிக்குப் போட வேண்டிய மாத்திரை, கடிகாரத்தில் ஒன்பதாகிவிட்டது.

தையற்காரர் நர்ஸம்மாவுக்கு போன் போட்டார். அவர் பதறவில்லை. முதலில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அட்டையை நிதானமாகப் படிக்கச் சொன்னார்.

கழற்றினார். எறும்பு அங்கேயேதான் ஊர்ந்தது.

அவருக்கு உயிரே போய்விட்டது. "அம்மா, கழட்டின பிறகும் அப்படியே தெரியுது. உங்க கண்ணாடி என் கண்ணைக் கெடுத்துடுச்சு. நான் ஊசியில நூல் கோத்துப் பொழைக்கிறவன்."

"என்ன கலர் ஃப்ரேம் எடுத்துட்டுப் போனீங்க?"

"பச்சை."



"பச்சையில இருக்கறது வெறும் கண்ணாடிங்க. கண்ணு நல்லா இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்னு காட்டறதுக்காக வச்சிருக்கோம்."