கொண்டை ஊசி வளைவில் சாக்ரடீஸ்

இருகூர்,
22.9.96

பெருமதிப்புக்கும் பேருந்துக்கும் உரிய மாசாணம் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகன் அன்புமணி, பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு, வணங்கி எழுதிக்கொள்வது. இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் இன்று காலை அப்பாவின் திருக்கரங்களால் பொருத்தப்பட்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய இனி யாரும் பாடிக்கொண்டே குளிக்க வேண்டியதில்லை. நான் மட்டும் பழக்கதோஷத்தில் பாடுகிறேன். இங்கு அம்மா, அப்பா, தாங்கள் எங்களிடம் விட்டுச்சென்ற அத்தை, தங்கள் மகள் குட்டி யுவஸ்ரீ எல்லோரும் நலம். அங்கு வால்பாறை மலையில் தாங்களும், தங்கள் அறையில் கூடவே தங்கிக் குறட்டையால் எஸ்டேட் யானைகளை விரட்டிவரும் சக கண்டக்டர் சாக்ரடீஸ் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

சமாச்சாரத்துக்கு வாரேன். போன தடவை லீவில் நீங்கள் வந்தபோது யுவஸ்ரீ எங்கம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "ஆருங்க இது?" என்று கேட்டாளே, நீங்களும் சாப்பிடாமலே கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, அந்தக் கொண்டை ஊசி வளைவுல வயித்தைப் பொரட்டறதைக்கூடத் தாங்கிக்குவேன். பெத்த புள்ளை ஆருன்னு கேக்கறதைத் தாங்க முடியல. நம்ம வெங்கடபதிகிட்டச் சொல்லி டவுன் பஸ்சுக்கு ஒரு மாத்தல் வாங்கிக் குடுத்துரு" என்றீர்களே, அன்றைக்கே நான் மனசுக்குள் சபதம் எடுத்துவிட்டேன். அந்தச் சபதத்தின் சரித்திரம்தான் இனி வருவது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளவும்.

ஒன்றியத் துணைச் செயலாளர் வெங்கடபதிக்கு டிப்போ மேனேஜர் பங்காளி முறை என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். இப்போது பேரூராட்சித் தேர்தல் வருகிறது. தலைவர் சீட்டுக்கு அவர் குறி வைத்திருப்பதால் தினம் ஒரு கூட்டம். நான் பேச்சுப் போட்டியில் சோப்பு டப்பா பரிசு வாங்கியவன் என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டனுப்பினார். "ஏனுங் தம்பி, வெளிநாட்டு அறிஞருங்க சொன்னதா நாலு பொன்மொழி எழுதிக் குடுங்க கண்ணு. நம்மூர்க்காரன் சொன்னா எவனுங்க கேக்கறான்?" நான் நூலகத்துக்குப் போனேன், பூட்டியிருந்தது. சரி, நம் காதால் கேட்டவரையில் பேரறிஞர் யார் என்று கண்ணை மூடி யோசித்தேன். நீங்கள்தான் தெரிந்தீர்கள் மாமா! உங்கள் பஸ்சில் வால்பாறை வந்தபோது வழியெல்லாம் நீங்கள் போட்ட சத்தம் ஒன்றுகூட வீணாகவில்லை. 'உள்ளே இடம் இருக்கும்போது படியில் தொங்குபவன் வாழ்வில் முன்னேற மாட்டான் - நெப்போலியன்.' 'இறங்குபவனுக்கு வழிவிடாதவன் ஏறவும் முடியாது - லிங்கன்.' 'சில்லறையோடு வருபவனே சுதந்திர மனிதன் - எடிசன்.'

வெங்கடபதி சந்தைத் திடலில் நின்று முழங்கினார் பாருங்க, கைதட்டலில் ட்யூப்லைட் ஆடியது. மறுநாள் அதே திடலில் எதிர்க்கட்சிப் பேச்சாளர், "படியில் தொங்குபவனைப் பற்றிச் சொன்னது நெப்போலியன் அல்ல, அலெக்சாண்டர்! வரலாறு தெரியாதவர்களா ஊரை ஆள்வது?" என்று கேட்டார். வெங்கடபதி விடுவாரா? "அலெக்சாண்டருக்கு ஏதய்யா படி? அவன் வந்தது குதிரையில்!" என்று திருப்பிக் கொடுத்தார். நெப்போலியனுக்கும் குதிரைதான் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோணல. எங்க வரலாற்று வாத்தியார் அப்துல் மஜீத் சார் மட்டும் என்னை வராண்டாவில் நிறுத்தி, "எந்தப் புத்தகத்துல இருந்துப்பா எடுத்தே?"ன்னார். "அட்டை கிழிஞ்சுபோச்சுங்க சார்." "எழுதுனவன் கண்டக்டராட்ட இருக்கானே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

இதெல்லாம் எதுக்குன்னா உங்க மாத்தலுக்குத்தான். ஆனா வெங்கடபதியைத் தனியாப் பிடிக்கவே முடியல, எப்பப் பார்த்தாலும் கூட்டம். அதனால போன வாரம் மாவட்டச் செயலாளரே மேடையேறிய பெரிய கூட்டத்தில், உங்க கோரிக்கையைச் சுருக்கி ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மேடைக்கு அனுப்பினேன். 'ஒவ்வொரு வளைவிலும் வயிறு புரள்கிறது. பெற்ற மகளே யாரென்று கேட்கிறாள். என்னைக் கீழே இறக்குங்கள்.' அவ்வளவுதான். வெங்கடபதி சீட்டை வாங்கினார், கண்ணாடியை மாட்டினார், மைக்கை எட்டிப் பிடிச்சார். "'என்னைக் கீழே இறக்குங்கள்!' யார் சொன்னது? நஞ்சுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு சொன்னான், கிரேக்கத்துக் கிழவன் சாக்ரடீஸ்!" அப்படின்னு ஆரம்பிச்சு, வளைவையும் வயித்தையும் பெத்த மகளையும் ஒண்ணு விடாம ஏத்த இறக்கத்தோட படிச்சுப்போட்டார். மாவட்டச் செயலாளர் துண்டால கண்ணைத் துடைச்சார். முன்வரிசை ஆத்தா ஒருத்தர், "பாவம், அந்தக் கெழவனுக்கு ஆராச்சும் ஒரு டம்ளர் சுக்குத்தண்ணி வெச்சுக் குடுங்கப்பா"ன்னார். எங்கம்மா என் தோளைக் கிள்ளி, "ஏண்டா, இது எந்தம்பி பேச்சாட்ட இருக்குது?"ன்னு கேட்டுச்சு. எந்தச் சீட்டைக் குடுத்தாலும் ஒரு அறிஞர் பேரைக் கூடவே ஒட்டிப்போடறது இந்த அரசியல்வாதிங்க குணம், அதுக்கு நான் என்னங்க பண்ண?

வேறொருத்தனா இருந்தா அதோட ஊட்டுக்குப் போயிருப்பான். நான் ஆரு, மாசாணம் மருமகன் ஆச்சே! கூட்டம் முடிஞ்சதும் ஜீப்புக்குக் குறுக்கே போய் நின்னேன். "அது பொன்மொழி இல்லீங்க, மனுவுங்க! வால்பாறைல கண்டக்டருங்க!" வெங்கடபதி நெத்தியில அடிச்சுக்கிட்டார். "அட, மொதல்லயே சொல்றதில்லையா கண்ணு! கிரேக்கம் வரைக்கும் போய்ட்டு வந்தேனே!" அப்படியே எதிர்த்த எஸ்.டி.டி. பூத்துக்குள்ள போய் டிப்போ மேனேஜருக்குப் போன் போட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ன எனக்கு அவர் வாய் அசையறதுதான் தெரிஞ்சுது. உங்க பேரைக்கூட அவர் எங்கிட்டக் கேக்கலீங்க, கையில இருந்த சீட்டைப் பார்த்தே பேசி முடிச்சுட்டார். வெளியே வந்து, "முடிஞ்சுதுங் தம்பி. ஆர்டர் இந்த வாரமே"ன்னார்.

ஆகவே மாமா, மூட்டையைக் கட்டவும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைச் சாக்ரடீஸ் அண்ணனுக்கே கொடுத்துவிடவும். பாவம், சிபாரிசு செய்ய என்னைப் போல் ஒரு மருமகன் அவருக்கு எங்கே இருக்கிறான்? யுவஸ்ரீக்கு உங்கள் போட்டோவைக் காட்டி "அப்பா" சொல்லப் பழக்கி வருகிறேன். இப்போதைக்குக் காலண்டரில் இருக்கும் முருகனையும் சேர்த்துச் சொல்கிறாள். மீதமுள்ள வளைவுகளில் எலுமிச்சம்பழமும் இறையருளும் தங்களுக்குத் துணை நிற்க வேண்டிக்கொள்ளும்,

தங்களைக் கீழே இறக்கிய, கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
அன்புமணி

பி.கு.: உறையை ஒட்டப் போற நேரத்துல வாசல்ல ட்ரங்குப் பெட்டியோட சாக்ரடீஸ் அண்ணன் வந்து நிக்கறாருங்க மாமா. அவருக்கு டவுன் பஸ்சுக்கு மாத்தல் கெடைச்சிருக்குதாமா. நேத்து ஆர்டர் வந்துச்சாமா, நீங்க டூட்டியில இருந்ததால சொல்லிக்க முடியலையாமா, அதான் நம்ம ஊட்டுலயாச்சும் சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தாராமா. "நான் கேக்கவே இல்லீங்க, எந்த மகராசன் செஞ்சானோ!"ங்கறார். விசயம் என்னன்னா, அறிஞர் பேரை ஒட்டுனது வெங்கடபதி இல்லீங்க. பெரிய பேர் இல்லாத சீட்டை அவர் பிரிச்சுக்கூடப் பார்க்கறதில்லைன்னு, உங்க மனுவுக்குக் கீழே 'சாக்ரடீஸ்'னு நான்தான் எழுதிப்போட்டேன். அவர் சீட்டுல இருந்ததைத்தான் போன்ல படிச்சிருக்கார். டிப்போவுல அந்தப் பேர்ல ஒருத்தர் இருக்கறது எனக்கு அப்பத் தோணலீங்க. விசயம் தெரிஞ்சதுல இருந்து அத்தை எங்கூடப் பேசறதில்லை. அவர் வாங்கிட்டு வந்த மைசூர்பாகில் நான் ரெண்டு தின்னுட்டேன், அதையும் சொல்லிப்போடறேன். ஆனா ஒண்ணுங்க மாமா, இன்னிக்கு ராத்திரியிலிருந்து உங்க ரூமில் குறட்டை இருக்காது. அந்த ஒரு காரியமாச்சும் நான் செஞ்சதுதானுங்க.