மலை சுற்றப் போன தகர மீன்

போதகர் என்றால் வாழ்நாள் முழுவதும் ஒரே ஒரு புத்தகத்தைத்தான் படிப்பார் என்று ஜனங்களுக்கு ஓர் எண்ணம். அந்த ஒரு புத்தகத்தை நான் ஒழுங்காகவே படித்தேன். ஆனால் சனிக்கிழமை பிரசங்கம் எழுதி முடித்த கையோடு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுப்பேன். உள்ளே ராக்கெட்டுகள், இயந்திர மனிதர்கள், மூன்று கண் உள்ள வேற்றுக்கிரகவாசிகள். எல்லாம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கிய படக்கதைப் புத்தகங்கள். “பசங்களுக்கா சாமி?” என்று கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பார். “ஆமாங்க” என்பேன். (அப்போது எனக்குப் பிள்ளையே கிடையாது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை நினைத்துச் சொன்னதாக ஆண்டவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.)

கல்யாணமான புதிதில் என் மனைவி எஸ்தர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“சட்டை நாலுதான் இருக்கு. இதெல்லாம் எத்தனைங்க இருக்கும்?”

“எண்ணினது இல்ல.”

“எண்ணாதீங்க” என்று சொல்லி மூடிவிட்டாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு சின்னச் சபைக்கு என்னைப் பயிற்சிப் போதகராக அனுப்பியிருந்தார்கள். குருப்பட்டம் இன்னும் ஆகவில்லை. வேலூரிலிருந்து மூத்த ஐயர் வந்து பார்த்து, ‘இவர் தேறுவார்’ என்று மேலிடத்துக்கு ரிப்போர்ட் கொடுத்தால்தான் பட்டம். இல்லையென்றால் சட்டை நாலையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் மாமனார் வீட்டில் உட்கார வேண்டியதுதான். (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்பார்கள். கோயில் ஊரில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துக் கொடுக்கச் சொல்லி வெற்றிலை பாக்கோடு வாசலில் வந்து நின்றவர்கள் உண்டு.)

மூத்த ஐயர் ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவுக்கு வருவதாகத் தகவல் வந்தது. மற்றவர்களாக இருந்தால் நாலு பாட்டு, ஒரு வசனப் போட்டி என்று முடித்திருப்பார்கள். எனக்குப் பெட்டி சும்மா இருக்கவிடவில்லை. நாடகம் எழுதினேன்.

கதை யோனாவுடையது. கடவுள் யோனாவை ஓர் ஊருக்குப் போய்ப் பிரசங்கிக்கச் சொல்கிறார். யோனா பயந்து வேறு ஊருக்குக் கப்பல் ஏறுகிறான். வழியில் அவனைக் கடலில் தூக்கிப் போடுகிறார்கள். ஒரு பெரிய மீன் விழுங்கி, மூன்று நாள் வயிற்றில் வைத்திருந்து கரையில் கக்குகிறது. அதன் பிறகுதான் அவனுக்குப் புத்தி வருகிறது. பைபிளில் இவ்வளவுதான். நான் கப்பலை ராக்கெட் ஆக்கினேன். ஊர்களைக் கிரகங்கள் ஆக்கினேன். மீனை, கண்ணில் விளக்கு எரியும் இயந்திர மீன் ஆக்கினேன்.

சபைச் செயலாளர் சாலமோன் அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவர்தான் யோனா. நடிக்கத் தெரியும் என்பதற்காக அல்ல. எங்கள் சபையிலேயே ஹெல்மெட் வைத்திருந்த ஒரே ஆள் அவர். விண்வெளிக்குப் போக ஹெல்மெட் வேண்டுமே. அவருக்குக் கதையை விளக்கினேன்.

“கடவுள் அவரை செவ்வாய்க்குப் போகச் சொல்றாரு. அவரு வியாழனுக்குப் போறாரு.”

சாலமோன் யோசித்தார். “ரெண்டு நாள் லேட்டா போனதுக்கா ஐயரே மீன் முழுங்கிச்சு?”

இரண்டும் கிரகங்கள் என்று புரியவைக்க எனக்கு அந்தச் சாயங்காலம் முழுவதும் ஆனது.

“மீன் வீட்டுக்குள்ள வரக் கூடாது” என்று எஸ்தர் சொல்லிவிட்டதால், கோயிலுக்குத் தெற்கே ஒரு சந்தில் இருந்த சாலமோன் வீட்டுக் கொல்லையில் அதைச் செய்தேன். மூங்கிலில் கூடு கட்டி, எண்ணெய் டின்களை வெட்டித் தகடாக்கி மேலே அடித்தேன். கண்ணுக்கு டார்ச் லைட் பல்புகள். உள்ளே ஒரு ஸ்விட்சு. அழுத்தினால் கண் மினுக் மினுக்கென்று எரியும். பக்கத்தில் சைக்கிள் ரப்பர் ஹாரன் ஒன்று, மீன் உறுமுவதற்காக. உள்ளே ஆள் நின்று இரண்டு வார்களைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கால் தெரிந்தால் மீனுக்குக் கௌரவக் குறைவு என்று தகரத்தைக் கணுக்கால் வரை தொங்கவிட்டேன். அதனால் உள்ளே நுழைய வேண்டுமென்றால் இரண்டு பேர் மீனைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும். வெளியே வரவும் அதேபோல் இரண்டு பேர் வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தை நான் ஆழமாக யோசிக்கவில்லை.

விழா நாள் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாலமோனும் அவர் மனைவியும் மீனைத் தூக்கி என் மேல் கவிழ்த்தார்கள். நாடகம் முடிந்ததும் நானே ஜெபம் செய்ய வேண்டியிருந்ததால் வெள்ளை அங்கி, பாலிஷ் போட்ட ஷூ எல்லாம் முன்னதாகவே போட்டிருந்தேன்.

“கூட வரட்டுமா ஐயரே?”

“நீங்க போய் மேடையைப் பாருங்க. நேரா நடந்தா சர்ச்சுதானே, நான் வந்துடறேன்.”

சாலமோன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார். நான் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அன்றைக்குப் பௌர்ணமி என்று.

இப்போது போல லட்சக்கணக்கில் ஜனம் வராத காலம். ஆனாலும் ஒரு மீனைத் தள்ளிக்கொண்டு போகப் போதுமான கூட்டம் இருந்தது. மலையைச் சுற்ற வந்தவர்கள் எனக்கு முன்னும் பின்னும் சேர்ந்துகொண்டார்கள். மீன் வாயில் நான் விட்டிருந்த சந்து வழியாக, முன்னால் போகிறவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. பச்சைக் கோடு போட்ட துண்டு. எனக்கு உலகமே அந்தத் துண்டுதான்.

யாரோ என் வாலைப் பிடித்தார்கள்.

“வால் ஆடுது சாமி. நாங்க ரெண்டு பேரும் பின்னால புடிச்சிக்கிறோம், நீங்க நடங்க” என்றது ஒரு இளவட்டக் குரல்.

பாரம் குறைந்தது. நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் இடது பக்கத்திலிருந்து எங்கள் சபையின் கீர்த்தனை கேட்டது. சர்ச் வந்துவிட்டது. நான் இடப்பக்கம் திரும்பினேன். வால் திரும்பவில்லை.

“தம்பி, நான் இங்க எறங்கணும்” என்றேன். தகரத்துக்குள் என் குரல் எனக்கே கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது.

“இன்னும் எவ்ளோவோ இருக்கே சாமி. இப்பவே நின்னுட்டா எப்படி?”

“இல்லப்பா. இத என் மேல இருந்து தூக்குங்க.”

“ஐயோ, அது தப்பு சாமி. வேண்டுதல பாதியில எறக்கக் கூடாது. முடிச்சிட்டு எறக்கிடலாம்.”

அப்போதுதான் எனக்கு நிலைமை புரிந்தது. நான் நேர்த்திக்கடன் செலுத்துகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். “நான் பாதிரியாருங்க” என்றேன் பலமாக.

பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் குரல், மிகுந்த மரியாதையோடு: “யாரா இருந்தா என்னங்க. வேண்டுதல்னு வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதான்.”

ஹாரனை அடித்துப் பார்த்தேன். முன்னால் இருந்தவர்கள் பணிவாக வழிவிட்டார்கள். வேகம்தான் கூடியது. எங்கள் சர்ச் ஸ்பீக்கரில் எஸ்தரின் குரல் கணீரென்று கேட்டது. “ஐயர் வந்துக்கிட்டே இருக்கார். எல்லாரும் அமைதியா உட்காருங்க.” நான் அந்தக் குரலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

ரோடு வலப்பக்கம் வளைந்தது. கீர்த்தனை தேய்ந்து தேய்ந்து நின்றே போனது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை உயர்த்தினால் மூங்கில் இடித்தது. மேடையில் மூத்த ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். களைத்துப் போய் ஓர் இடத்தில் அப்படியே உட்கார்ந்தேன். தகரம் தரையைத் தொட்டு, கூடைக்குள் கவிழ்த்த கோழி மாதிரி ஆகிவிட்டேன். வெளியே எனக்கு விசிறினார்கள். ஒரு அம்மாள், “மீனுக்குத் தண்ணி குடுங்கப்பா” என்றாள். வாய்ச் சந்து வழியாக ஒரு சொம்பு வந்தது. குடித்தேன். அவ்வளவு நல்ல தண்ணீரை அதற்கு முன் நான் குடித்ததில்லை. பிறகு எல்லோருமாகச் சேர்ந்து என்னை எழுப்பி நடக்கவிட்டார்கள்.

மலையைச் சுற்றும் பாதையில் பாதித் தூரத்தில் இருக்கிற ஊர் அடி அண்ணாமலை. அதற்குள் நுழையும் இடத்தில் ஒரு மோர்க் கடை. கடை என்றால் இரண்டு பானையும் ஒரு சாக்கும்தான். கன்னியம்மா என்ற பெண் தரையில் உட்கார்ந்து மோர் விற்றுக்கொண்டிருந்தாள். தரையிலிருந்து பார்த்த அவள் கண்ணில் முதலில் பட்டவை தகரத்துக்குக் கீழே தெரிந்த என் பாதங்கள்தான்.

“யோவ், இங்க வா. இந்த மீனு பூட்ஸு போட்டுக்கினு இருக்குது” என்று அவள் தன் கணவரைக் கூப்பிடுவது கேட்டது.

கூட்டம் நின்றது. கன்னியம்மா எழுந்து வந்து வாய்ச் சந்தில் எட்டிப் பார்த்தாள்.

“வேண்டுதல்னா யாராச்சும் பூட்ஸு போட்டுக்கினு மலைய சுத்துவாங்களா? யாரு நீங்க? உண்மைய சொல்லுங்க.”

“அம்மா, நான் செங்கம் ரோட்டு சர்ச்சு பாதிரியாரு. நாடகத்துக்குப் போக வேண்டிய மீனு இது. எப்படியாவது வெளிய எடுத்துடுங்க.”

அவள் கணவர் ஏழுமலையும் வால் பிடித்த பிள்ளைகளும் சேர்ந்து மீனைத் தூக்கினார்கள். காற்று பட்டதும் கண் கூசியது. வெள்ளை அங்கி துருவும் வேர்வையுமாகக் காவி நிறத்தில் இருந்தது. வால் பிடித்த பிள்ளைகள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு, “மன்னிச்சுக்குங்க சாமி. கஷ்டப்படறீங்கன்னுதான் புடிச்சோம்” என்றார்கள். அவர்களை எப்படிக் கோபிப்பது?

மோர் குடித்துக்கொண்டே யோனாவின் கதையைக் கன்னியம்மாவுக்குச் சொன்னேன். எப்போதும் நான் அரைமணி நேரம் பிரசங்கம் செய்கிற கதை. அவள் கேட்டுவிட்டு, “சொன்ன ஊருக்குப் போயிருந்தா மீனு ஏன் முழுங்குது” என்று முடித்துவிட்டாள்.

ஏழுமலை என்னைத் தன் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, கூட்டத்தைத் தவிர்த்து வயல் வழியாக மிதித்தார். மீனை ஏற்ற முடியாது. அது அங்கேயே நின்றது.

நாங்கள் சர்ச்சின் பின்வாசலுக்கு வந்தபோது நாடகம் நடந்துகொண்டிருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். மேடை நடுவே மூத்த ஐயர் இரண்டு கைகளையும் விரித்து நின்றிருந்தார். அவருடைய பெரிய கறுப்பு அங்கிக்குள்ளிருந்து ஹெல்மெட் போட்ட ஒரு தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மீன் வராததால் எஸ்தர் அவரிடம் போய், “ஐயா, பசங்க ரொம்ப நாளா ஒத்திகை பாத்திருக்காங்க. நீங்க கொஞ்சம் முழுங்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறாள். அவரும் சரி என்றிருக்கிறார்.

மூத்த ஐயர் தம் கட்டி உறுமினார். என் ஹாரனைவிட நன்றாகவே இருந்தது. சாலமோனைத் துப்பினார். ஹெல்மெட் உருண்டு முதல் வரிசைக்குப் போனது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

விழா முடிந்து பின்பக்கம் வந்தவர் என் அங்கியைப் பார்த்தார்.

“எங்க போயிருந்தீங்க தம்பி?”

நான் வாய் திறப்பதற்குள், பக்கத்தில் சைக்கிளோடு நின்றிருந்த ஏழுமலை எனக்கு உதவி செய்வதாக நினைத்துச் சொன்னார்: “சாமி மலைய சுத்திக்கினு இருந்தாருங்க.”

சாலமோன் ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டார். எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள். என் குருப்பட்டம் மலைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குவது எனக்குத் தெரிந்தது. படக்கதை, தகரம், பௌர்ணமி, வால் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மூத்த ஐயர் சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டார்.

“முழுசா சுத்தினீங்களா?”

“இல்லைங்க ஐயா. அடி அண்ணாமலை வரைக்கும்தான்.”

“பாதின்னா ரிப்போர்ட்ல எழுத வேண்டியதில்ல” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் எனக்குக் குருப்பட்டம் ஆனது. மீனை எடுத்துவர ஒருநாள் வண்டி பேசிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். கன்னியம்மா வீட்டுக் கொல்லையில் அது நின்றது. வாய் வழியாக ஒரு கோழி வெளியே வந்தது. உள்ளே இன்னும் இரண்டு அடைகாத்துக்கொண்டிருந்தன. “நரி வரதில்லைங்க, கண்ணப் பாத்து பயப்படுது” என்றார் ஏழுமலை. வெறும் வண்டியோடு திரும்பிவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கன்னியம்மா ஒரு கூடை முட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கேக்கு வாங்கிக்கொண்டு போவாள். எங்கள் வீட்டில் அதற்கு மீன் முட்டை என்று பெயர். எங்களுக்குப் பிறந்த மகள் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தாள்.

நாலாம் வகுப்பு அறிவியல் பரீட்சையில் அவளுக்கு ஒரு கேள்வி வந்தது: மீன்கள் எங்கே முட்டையிடும்? ‘அடி அண்ணாமலையில், கன்னியம்மா வீட்டுக் கொல்லையில்’ என்று எழுதிவிட்டு வந்தாள். டீச்சர் மார்க் போடவில்லை. போதகர் மகள் ஏன் இப்படி எழுதுகிறாள் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போகவில்லை, எஸ்தர் போனாள். அரைமணி நேரம் கழித்து, பாதி மார்க் வாங்கிக்கொண்டு வந்தாள். மகள் இப்போது ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. மீதிப் பாதி மார்க்கை இன்னும் என்னிடம்தான் கேட்கிறாள்.