அங்கே ஒருத்தர் இருக்காரே

"ஏரி தாங்குமா?" உறைந்த ஏரியின் கரையில் நின்று ஹெல்கா கேட்டாள்.

"அதோ பாரு, தைஸ்தோ உட்கார்ந்திருக்கான். நூத்திப் பத்து கிலோ!" என்றார் பக்கத்து வீட்டுக் காலெர்வோ.

"ராத்திரி முழுக்க மழை பெஞ்சுதே?"

"அவனுக்கும்தானே பெஞ்சுது?"

இந்த வாதத்தை யாராலும் மடக்க முடியாது. உங்களாலும்தான். 'அங்கே ஒருத்தர் இருக்காரே' என்று கிளம்பும் மனித இனத்தின் பலமே அதுதான்.

பனி கொட்ட வேண்டிய ஜனவரியிலும் மழை பெய்யத் தொடங்கியதிலிருந்து பின்லாந்தில் இந்த இனம் பெருகிவிட்டது. பனியின் கனத்தை அளக்கும் கோல் இவர்களிடம் உண்டு, வழுக்காத காலணி உண்டு, தண்ணீரில் விழுந்தால் பனியில் குத்தி ஏறிவரக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆணிப் பிடிகளும் உண்டு. எங்கே? காருக்குள்தான்; பிடிகள் கண்ணாடியில், கடை உறை பிரிக்காமல் ஆடிக்கொண்டிருக்கும். அளந்து பார்த்தால் என்ன? தைஸ்தோவை நம்பவில்லை என்று ஆகிவிடாதா!

பனியில் துளையிட்டு மீன் பிடிக்க, காலெர்வோ வாளியோடு நடந்தார். பத்தடி பின்னால், தோளில் கயிற்றுச் சுருளோடு ஹெல்கா. அதிகம் பேசாதவள், 'போகாதீங்க' என்று வாதாடுவதைவிடக் கயிறு எடுத்துவருவது அவளுக்குச் சுலபம்.

"எவ்வளவு கனம்டா இருக்கு?" என்று தைஸ்தோவைக் கேட்டார் காலெர்வோ.

"எனக்கென்ன தெரியும்? காலையில நீ இங்கே உட்கார்ந்திருந்தே, அதை நம்பித்தான் வந்தேன். கிட்ட வந்து பார்த்தா, முக்காலியில உன் கோட்டுதான் இருக்கு!"

"அடப்பாவி! நேத்து சூடா இருக்கேன்னு கழட்டி மாட்டினேன். பனி முனகிச்சு, அப்படியே போட்டுட்டு ஓடிட்டேன்!"

"ஓடினவன் இன்னிக்கு ஏன்டா வந்தே?"

"நீ இருந்தியே!"

இருவரும் கோட்டைப் பார்த்தார்கள். மூவரில் இன்னொருவரை நம்பி அங்கே வராதது அது மட்டும்தான். அந்த நேரத்தில் காலெர்வோவின் காலடியில் பனி உடைந்தது. மார்பளவு தண்ணீருக்குள் போய், விளிம்பைப் பற்றித் தொங்கினார். தைஸ்தோ குப்புறப் படுத்துக் கரையை நோக்கி ஊர்ந்தார். ஹெல்காவும் படுத்துக்கொண்டு கயிற்றை வீசினாள்.

சிரிக்கிறீர்கள். நேற்று கூட்டம் நிற்கிறதே என்று, எதற்கென்று கேட்காமல் ஒரு வரிசையில் போய் நின்றது யார்?

கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்ட காலெர்வோ கரையைப் பார்த்தார். தூண்டிலும் வாளியுமாக இரண்டு பேர் இவர்களைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏரிக்குள் ஒரு காலை எடுத்தே வைத்துவிட்டார். காலெர்வோ பல் கிடுகிடுக்கச் சொன்னார்:

"ஹெல்கா, கொஞ்சம் பதறாம இழும்மா. பனி சரியில்லைன்னு அவங்க தப்பா நினைச்சுக்கப் போறாங்க."