உப்புப் பார்த்த கஞ்சி

"உப்பு சரியா கீதான்னு பாத்துச் சொல்லுங்க," என்று கஞ்சிக் கரண்டியைக் கணவரிடம் நீட்டினாள் ரஹீமுன்னிசா. "நான் வாயில வெக்க முடியாது."

காஜா மொய்தீன் நக்கிப் பார்த்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது, மனசுதான் சரியில்லை. வயசுக்கு வந்த நாளாக ஒரு நோன்பையும் விடாத மனுஷர், வயிற்றுப்புண் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் இந்த ரமலானில் பட்டப்பகலில் பால்சோறு தின்றுகொண்டிருந்தார். ராயபுரமே பட்டினி கிடந்து நன்மை சேர்க்க, தான் மட்டும் ஏப்பம் விடுவதை நினைத்தால் அவருக்கு அழுகையே வந்தது.

அன்று மதியம் பள்ளிவாசலில் கேட்ட ஜும்ஆ பயானில்தான் ஒரு வழி பிறந்திருந்தது. நோன்பாளி ஒருவரை நோன்பு திறக்கவைத்தால், அவருக்குக் கிடைக்கும் அதே நன்மை திறக்கவைத்தவருக்கும் உண்டாம்.

"பானைய எறக்கு. ஒரு நோன்பாளியப் புடிச்சு ஊத்திட்டு வந்துர்றேன்."

"முழுசாவா? ஏங்க, நான் இன்னா சொல்றேன்னா..."

"வந்து கேக்குறேன்!" பானைக்குத் துணியைச் சுற்றி, ஒரு குவளையோடு தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தெருவில் போனவர்கள் எல்லார் கையிலும் கிண்ணம். பள்ளிவாசலில் அண்டா அண்டாவாகக் கஞ்சி தயாராக இருந்தது. இவர் பானையை யார் சீந்துவார்கள்?

துறைமுக வாசலுக்கு ஓடினார். அங்கே சுவரோரம் உதடு வறண்டு, கண் சொருகி ஒருவன் உட்கார்ந்திருந்தான். குவளை நிறைய ஊற்றி நீட்டி, "பள்ளியில பாங்கு சொல்லட்டும், தம்பி, அப்புறமா..." என்று அவர் முடிப்பதற்குள் குவளை காலி.

"அய்யோ! நோன்பு இன்னா ஆவறது?"

"நோன்பா? நான் ஜெயவேலு, நைனா. மூட்ட தூக்கினேன், செம பசி. கஞ்சி சோக்கா கீது!" வயிறு குளிர்ந்த ஜெயவேலு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "டேய், பாய் கஞ்சி ஊத்துறாரு, ஓடியாங்கடா!"

மூட்டைக்காரர்கள் மொய்த்துக்கொண்டார்கள். பசியோடு வந்தவனை இல்லையென்று அனுப்ப காஜா மொய்தீனுக்கு மனம் வராது. ஊற்றிக்கொண்டே இருந்தார். அடியில் ஒரே குவளை மிஞ்சியபோது, தொப்பி போட்ட ஒருவர் வேகமாக வருவது தெரிந்தது. பானையை அணைத்தபடி பாய்ந்தார்.

"பாய், இதுல நோன்பு தொறங்க!"

அவரும் அதே வேகத்தில் ஒரு தூக்குச்சட்டியை நீட்டினார். "நீங்க தொறங்க, பாய்! எனுக்கு சக்கர வியாதி. நானே ஒரு நோன்பாளியத் தேடி அலஞ்சுகினு கீறேன்."

இருவரும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கையில் பாங்கு ஒலித்தது. கடைசிக் குவளையையும் ஜெயவேலே வாங்கிக் குடித்தான்.

காலிப் பானையோடு காஜா மொய்தீன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். வாசலில் பக்கத்து வீட்டு மீன்காரி கன்னியம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ரஹீமுன்னிசா, கையில் வாழைப்பழத் தோலோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாய், வூட்ல இருந்த கஞ்சிய அப்டியே தூக்கிகினு பூட்டியே? நாள்பூரா பட்டினி கெடந்த அக்கா, வெறுந்தண்ணி மொண்டுகினு நின்னுச்சு. மனசு கேக்கல, நான்தான் ஒரு வாழப்பழம் குடுத்து நோன்பு தொறக்க வெச்சேன்," என்றாள் கன்னியம்மா. "அதுக்கு இன்னாமோ நன்மெ கீதாமே, அத்த எங்க போயி வாங்கிக்கிறது?"